களமசேரியில் ஒரு குறுக்கு வில்

மொழிபெயர்க்க வந்த கட்டுரை பன்னிரண்டு பக்கம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துப் பல் மருத்துவர் ஒருவர், ஐம்பது வயதில் முதல் முறையாகக் குறுக்கு வில்லுடன் மான் வேட்டைக்குப் போய் வந்த கதை. இருள் பிரியும் முன்பே மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறி உட்கார்கிறார். மூன்று மணி நேரம் குளிரில் காத்திருக்கிறார். இருபது கஜ தூரத்தில் வந்து நின்ற கலைமானை வீழ்த்துகிறார். பயணக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்காகச் சென்னைப் பதிப்பாளர் கேட்டிருந்தார். பத்து நாள் கெடு, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. களமசேரியில் என் வாடகை வீட்டு மாடியில், கீழே தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளும் தலைக்கு மேல் மெட்ரோ ரயிலும் ஓடிக்கொண்டிருக்க, ஓஹையோ காட்டின் அமைதியைத் தமிழாக்க உட்கார்ந்தேன்.

இரண்டு சொற்களில் வண்டி நின்றுவிட்டது.

முதலாவது 'ஹார்வெஸ்ட்'. அந்த ஊர் வேட்டைக்காரர்கள் மானைக் கொன்றதாக எழுதுவதில்லை. ஹார்வெஸ்ட் செய்ததாக எழுதுகிறார்கள். அரசு வனவிலங்குத் துறைகளின் அறிக்கைகளிலும் அதே சொல்தான். நான் 'அறுவடை செய்தேன்' என்று எழுதிவிட்டு, அந்த வரியைத் தாண்ட முடியாமல் இரண்டு முறை காபி குடித்தேன். தமிழில் அறுவடை என்றால் அரிவாள், கதிர்க்கட்டு, களத்து மேடு. அதில் ரத்தம் கிடையாது.

இரண்டாவது, ஆயுதத்தின் பெயர். கிராஸ்போவுக்கு அகராதிகள் 'குறுக்கு வில்' என்கின்றன. தவறில்லை, ஆனால் யாரும் புழங்காத சொல். பழைய பாடங்களில் தேடினால் சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் காவல் பொறிகளின் பட்டியல் 'வளைவிற் பொறி'யோடு தொடங்குகிறது. தானே வளைந்து அம்பு எய்யும் இயந்திரம் என்று பொருள் சொல்வார்கள். அது மதில் மேல் நிற்பது, தோளில் தூக்கிப் போவதல்ல. கம்பனில் கூனியின் முதுகில் பட்ட மண் உருண்டை, உண்டைவில்லிலிருந்து வந்தது. அதுவும் இதுவல்ல. வில்லைக் கொடியில் பொறித்த சேரர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு வில்லுக்குப் பெயர் தெரியாமல் விழிப்பது, தமிழ் முதுகலை படித்தவனுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

அப்போதுதான் ஜேம்ஸ் ஹார்னெல் நினைவுக்கு வந்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஆங்கிலேயர். சங்கைப் பற்றி 1914-இல் தனி நூலே எழுதியவர். 1924-இல் லண்டன் மானுடவியல் சங்கத்தின் இதழில் தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்கு வில் மூன்றையும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். வளரி நம் சிவகங்கைச் சீமைக்கு உரியது, அது தெரிந்த கதை. குறுக்கு வில்லுமா தென்னிந்தியாவில்? கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "சாரே, அது தெற்றாலி அல்லே? மீன் பிடிக்க. ஏலூர்ப் பக்கம் ஒரு ஆசான் இருக்கிறார்" என்றார்.

தெற்றாலி என்றால் மலையாளத்தில் கவண். சிறுவர்கள் மாங்காய் அடிக்கும் உண்டிவில்லுக்கும் அதே பெயர். விசைவைத்த மீன் வில்லையும் இந்தப் பக்கம் அப்படியே அழைக்கிறார்கள். எனக்கு ஒரு சொல் கிடைத்தது. கூடவே, அதை ஒரு முறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும். பல் மருத்துவரின் விரல் விசையில் இருக்கும் அந்தப் பக்கத்தை, என் விரலும் ஒரு விசையில் இருந்த பிறகு மொழிபெயர்த்தால் என்ன?

மானைக் குறிவைக்கும் எண்ணம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் அது நடக்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடிவிட்டது. பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியைச் சுட்டுக்கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதுவும் காட்டுப் பன்றிக்கு மட்டும்தான். சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் 'வேட்டை' என்ற சொல்லுக்கான விளக்கம். கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, இரை காட்டி இழுப்பது எல்லாம் வேட்டை. இவற்றைச் செய்ய முயல்வதும் வேட்டை. குறி தப்பினாலும் குற்றம் குற்றமே. பிரிட்டனிலும், துப்பாக்கிக்கு இடம் உண்டே தவிர, வில்லாலோ குறுக்கு வில்லாலோ காட்டு விலங்கைக் கொல்வதை 1981 சட்டம் தடுக்கிறது.

கேரளத்தில் இன்று வழக்குக்கு அஞ்சாமல் வில்லெடுத்து வேட்டைக்குப் போகக்கூடியவர் கடவுள் ஒருவரே. கோயில் திருவிழாக்களில் ஆறாட்டுக்கு முந்தின இரவு 'பள்ளிவேட்டை' நடக்கும். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்காகத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லேந்தி அம்பு விடுவார். இலைதழைகளால் அமைத்த சின்னக் காட்டுக்குள் காத்திருக்கும் விலங்கு, ஓர் இளநீர்க் காய்.

துலா மாதத்து மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முட்டார் புழையைத் தாண்டி ஏலூர்ப் பக்கம் போனேன். பெரியாற்றின் கிளை இது. சிவகிரி மலையில் பிறந்து வரும் பெரியாறு ஆலுவாவில் பிரிகிறது. ஒரு கிளை இந்தத் தொழிற்பேட்டையின் வழியாகக் காயலுக்குப் போகிறது. உத்யோகமண்டல் என்ற பெயரே இங்கே வந்த ஆலைகளைச் சொல்லிவிடும். 1947 முதல் உரம் தயாராகும் ஊர். பாலத்தின் மேல் நின்றால் ஒரு கரையில் தென்னையும் கொக்கும், மறு கரையில் புகைபோக்கிகளும் குழாய்களும். இந்தக் காட்சியைக் கேரளச் சுற்றுலாச் சுவரொட்டிகளில் தேடாதீர்கள்.

ஆசானுக்கு அறுபத்தெட்டு வயது. இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை. திண்ணையில் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துப் பிரித்தார். துப்பாக்கிக்கட்டை போன்ற ஆஞ்ஞிலி மரக் கட்டை. அதன் தலைப்பில் குறுக்காகக் கட்டிய கமுகு வில், நைலான் நாண். அம்பு, முழங்கைக்குக் கொஞ்சம் கூடுதலான இரும்புக் கம்பி. முனையில் திரும்பிய முள். வாலில் கட்டிய நூல் ஓர் உருளையில் சுற்றியிருந்தது. குத்துப்பட்ட மீன் ஓடினால் நூலும் ஓடும்.

நாணைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கொக்கியைத் தன் கையால் கடைந்தது என்று காட்டும்போது அவர் முகத்தில் ஒரு தொழிலாளியின் பெருமை. கொக்கியை விடுவிக்கும் விசைக்கு 'காஞ்சி' என்றார். மலையாளத்தில் துப்பாக்கி விசைக்கும் அதுவே பெயர். காஞ்சி என்றால் எனக்குப் பட்டுச் சேலையும் இட்லியும்தான் தெரியும் என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார்.

"வலிச்சுப் பாருங்கள்" என்றார் ஆசான். கட்டையைத் தரையில் ஊன்றி, வில்லின் இரு பக்கமும் பாதங்களை வைத்து மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாணை மேலே இழுக்க வேண்டும். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டாம் முயற்சியில் கொக்கியில் 'டக்' என்று விழுந்தது. அந்தக் கணத்தில்தான் இந்த ஆயுதத்தின் சங்கதி புரிந்தது. சாதாரண வில்லில் நாணை இழுத்தவன் இழுத்தபடியே நிற்க வேண்டும். தோள் நடுங்கும், மூச்சு முட்டும், சில நொடிகளுக்குள் விட்டாக வேண்டும். குறுக்கு வில்லில் அந்தப் பாரத்தைக் கொக்கி வாங்கிக்கொள்கிறது. நீங்கள் உட்காரலாம், பேசலாம், பீடி பிடிக்கலாம். அது காத்திருக்கும். வருடக்கணக்கில் பழகித் தோள் வளர்த்த வில்லாளியின் வேலையை, நேற்று வந்தவன் விரலசைவில் செய்துவிடலாம்.

அந்தக் காலத்து ஐரோப்பியர்களை இது மிரட்டியிருக்கிறது. 1139-இல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை, கிறிஸ்தவர்கள் மேல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. மற்றவர்கள் மேல்? அதைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கொச்சிக்கு வந்த போர்த்துக்கீசியக் கப்பல்களில் குறுக்கு வில்லாளிகளும் வந்தார்கள். 1504-இல் சாமூதிரியின் படை கொச்சி மீது வந்தபோது, தளபதி துவார்த்தே பச்சேக்கோ சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு இந்த நீர்த்துறைகளில்தான் அதைத் தடுத்து நிறுத்தினார். சாமூதிரிக்குத் துணை நின்றவர்களில் இடப்பள்ளி அரசரும் உண்டு. அந்த இடப்பள்ளி இன்று என் வீட்டிலிருந்து மெட்ரோவில் சில நிமிடம். பெரிய வணிக வளாகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டி நிறுத்த இடம் பிடிப்பதும் ஒரு போர்தான்.

கொல்லையில் சாய்ந்து கிடந்த வாழைத் தண்டை நிறுத்தி வைத்து, பதினைந்தடி தள்ளி என்னை நிறுத்தினார் ஆசான். முதல் அம்பு தண்டுக்கு மேலே போய் மதில் சுவரில் தெறித்தது. இரண்டாவது தண்டின் ஓரத்தைச் சீவியது. "விசையைப் பறிக்கக் கூடாது. கறவை மாட்டுக் காம்பு மாதிரிப் பிடித்து மெல்ல" என்றார். மூன்றாவது தண்டின் நடுவில் முக்கால் அளவு இறங்கியது. சத்தமே இல்லை. முள் திரும்பியிருந்ததால் வெளியே எடுக்கத் தண்டைப் பிளக்க வேண்டியிருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் கதையை ஆசானிடம் சொன்னேன். கொல்லிமலைத் தலைவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். ஆசான் கவனமாகக் கேட்டுவிட்டு, "உடும்பு எத்தனை கிலோ இருக்கும்?" என்றார். நான் வகுப்பில் இரண்டு வருடம் படித்தபோது எவரும் கேட்காத கேள்வி.

பிறகு தோட்டுக் கரைக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய வாய்க்கால், புழையில் போய்ச் சேர்கிறது. குளவாழை படர்ந்து, இடையிடையே கறுத்த தண்ணீர் தெரிந்தது. மீன் தண்ணீருக்குள் இருக்கும் இடம் வேறு, நம் கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு என்று விளக்கினார். தண்ணீரில் ஒளி வளைவதால் மீன் மேலே மிதப்பதுபோல் தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்குக் கீழே குறிவைக்க வேண்டும். வரால் மூச்செடுக்க மேலே வரும், அதுதான் நேரம். தமிழ்நாட்டில் நாம் விரால் என்போம். சங்கப் பாட்டில் வருகிற 'வரால்' என்ற வடிவம் கெடாமல் இங்கே மீன்காரியின் கூடையில் கிடக்கிறது. இப்படி அடிக்கடி நடக்கும். பாடப்புத்தகத்தில் இறந்துபோனதாக நினைத்த ஒரு சொல், களமசேரிச் சந்தையில் பேரம் பேசிக்கொண்டு எதிரே வரும்.

இன்று பிடிக்கப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறோம் என்று ஆசான் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் நாணேற்றிய வில்லை என் கையில் கொடுத்திருந்தார், பாரம் பழகட்டும் என்று. கால் மணி நேரம் போயிருக்கும். குளவாழைக்கு இந்தப் பக்கம் தண்ணீரில் ஒரு செம்மை படர்ந்தது. செங்கல் பொடி தூவியதுபோல. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு. ஆயிரக்கணக்கில், ஒரு தட்டு அளவு இடத்தில், கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருந்தன. அதற்குக் கீழே கறுப்பாக, என் கை நீளத்துக்கு, ஒரு நிழல்.

"பார்ப்பு" என்றார் ஆசான், காற்றோடு காற்றாக.

எனக்கு ரோமம் சிலிர்த்தது. பார்ப்பு! தொல்காப்பிய மரபியலின் முதல் நூற்பாவில், இளமைப் பெயர்களின் வரிசையில் முதலில் நிற்கும் சொல். பறவைக் குஞ்சுக்குப் பார்ப்பு, மானின் குட்டிக்கு மறி என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டது கண்முன் வந்தது. தன் பார்ப்பைக் காத்து நிற்கும் வரால் இடம் விட்டு நகராது. ஆள் வந்தாலும் ஓடாது. அதனால் எய்வதற்கு அதைவிடச் சுலபமான மீன் கிடையாது. இவ்வளவும் எனக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. ஆசான் எதற்காகக் குரலைத் தாழ்த்தினார் என்பதும் புரிந்தது.

நிழல் மேலே வந்தது. நான் விசையை இழுத்தேன்.

தவறி இழுத்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். ஆசானிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அது உண்மையல்ல. காம்பைப் பிடிப்பதுபோல், மெல்ல, அவர் சொல்லிக்கொடுத்தபடியே இழுத்தேன். கண்ணுக்குத் தெரிந்த இடத்தையே குறிவைத்திருந்தேன். அதனால் அம்பு மீனுக்கு மேலாகப் போனது. செந்நிறத் தட்டு சிதறி மறைந்தது. நூல் உருளையில் ஓடி நின்றது. தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடங்கியது.

ஆசான் ஒன்றும் பேசவில்லை. வில்லைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நூலைச் சுற்றி அம்பை இழுத்து, முனையைத் துடைத்தார். வீட்டுப் படியேறும்போதுதான் கேட்டார்: "சாருக்கு மனசிலாகவில்லையோ, நான் என்ன சொன்னேன் என்று?"

"மனசிலாயிற்று" என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல?

கட்டன் சாயா வந்தது. கோபம் தணிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் பேச ஆரம்பித்தார். இந்தத் தோட்டில் மறுபடி பார்ப்பு தென்படுவதே இப்போதுதான் என்றார். 2024 மே மாதம் இருபதாம் தேதி இரவு நடந்ததை அவர் சொல்லக் கேட்டேன். செய்தியாக நானும் அப்போது எழுதியிருந்தேன், இரண்டு பத்தி.

பாதாளத்தில் பெரியாற்றின் குறுக்கே மதகுப் பாலம் இருக்கிறது. கடல் உப்பு மேலே ஏறாமல் தடுக்க. மதகு மூடியிருக்கும்போது மேற்பக்கம் தண்ணீர் தேங்கும், அதோடு தொழிற்பேட்டைக் கழிவும் தேங்கும். மழை வந்து மதகைத் திறந்தார்கள். விடியும்போது ஏலூரிலிருந்து வராப்புழை, சேரநல்லூர், கடமக்குடி வரை புழையில் வெள்ளை வெள்ளையாக மீன். கூண்டு கட்டிக் கடனில் வளர்த்த கரிமீனும் காளாஞ்சியும் கூண்டுக்குள்ளேயே செத்து மிதந்தன. மக்கள் செத்த மீனை அள்ளிக்கொண்டு போய் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் முன் கொட்டினார்கள். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்ததே காரணம் என்றது வாரியம். மீன்வளப் பல்கலைக்கழகக் குழு சோதித்து, அம்மோனியாவும் சல்பைடும் அபாயமான அளவில் இருந்ததாகச் சொன்னது.

"கரிமீன் செத்ததற்கு நான் அழவில்லை. அது போனால் வேறு வாங்கி விடுவார்கள்" என்றார் ஆசான். "வரால் செத்துக் கிடந்தது சாரே. தண்ணீரில் காற்று இல்லையென்றால் வெளியே தலை நீட்டி மூச்சு விடுகிற மீன். அது எப்படிச் செத்தது?"

அன்றைக்குச் சுற்றி வைத்த தெற்றாலியை எனக்காகத்தான் மறுபடி பிரித்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு தொடங்கி, எத்தனை மீன் எய்திருப்பார் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். பார்ப்போடு நிற்கிற ஒன்றைக்கூட எய்ததில்லை, அதை எண்ண வேண்டிய தேவை வரவில்லை.

விடைபெறும்போது, அந்த வாழைத் தண்டில் பிளந்தெடுத்த அம்பை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முனை லேசாக வளைந்திருந்தது. மதிலில் பட்ட முதல் அம்பு அதுதான். தட்டி நேராக்கிவிடலாம், பரவாயில்லை என்றார். தெற்றாலியை மறுபடி வேட்டித் துணியில் சுற்றினார். இன்னொரு நாள் வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சேச்சி சொன்னார்.

அன்று இரவு கட்டுரையை முடித்தேன். பல் மருத்துவரின் குறி தப்பவில்லை. ஆயுதத்துக்குக் 'குறுக்கு வில்' என்றே வைத்துக்கொண்டேன். தெற்றாலி என்ற சொல்லை ஓஹையோவுக்கு அனுப்ப மனம் வரவில்லை. 'அறுவடை செய்தேன்' என்று வந்த ஐந்து இடங்களையும் அடித்துவிட்டு 'கொன்றேன்' என்று எழுதினேன்.

மறுவாரம் பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், மூலத்துல ஹார்வெஸ்ட்னுதானே இருக்கு? நீங்க கொன்றேன்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமா. அவர் கொன்னாருல்ல?"

"அது சரி. படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கடுமையா இருக்குமேன்னு பார்த்தேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். தொகுப்பு அச்சாகி வந்தது. ஐந்து இடத்திலும் 'வீழ்த்தினேன்' என்று இருக்கிறது.